ஒரு தடவைக்கு ஒரு ரவை: எங்கள் ரேஞ்சின் .22 ரைபிள்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ரேஞ்சில் இருக்கும் ரைபிள்களில் எனக்குப் பிடித்தது பழைய பிர்னோ மாடல் 2. ஜெர்மன் ஆன்ஷூட்ஸ் அதைவிட நல்ல துவக்கு, அதில் சந்தேகமே இல்லை, புள்ளியும் அதில்தான் கூடுதலாக வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்ததும் என் கை முதலில் போவது பிர்னோவிடம்தான். ஏன் என்று எழுதப்போகிறேன். இலங்கை மலைநாட்டில் இருந்துகொண்டு பொழுதுபோக்காகக் குறி சுடுகிறவர்கள் தமிழில் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

எங்கள் ரேஞ்ச் ஊவாப் பக்கம், பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி மேலே நடக்க வேண்டும். பெரிய கட்டிடம் ஒன்றும் கிடையாது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, படுத்துச் சுட நார்ப் பாய்கள், 50 மீட்டருக்கு அப்பால் மலையை நேராக வெட்டி விட்ட மண் சுவர். அந்த மண் சுவர்தான் ரேஞ்சின் உயிர். .22 (விட்டம் 0.22 அங்குலம்) சின்ன ரவைதானே என்று நினைப்பார்கள், மேல்நோக்கிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போய் விழும், கீழே தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஆட்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். சமவெளியில் மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்த்த வேண்டிய சுவர் எங்களுக்கு மலையாகவே கிடைத்திருக்கிறது.

இந்த ரவையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பெரிய துவக்குகளின் ரவையில் அடியின் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும், ஊசி அங்கே குத்தும். எங்கள் .22 போன்ற ரிம்ஃபயர் ரவையில் அப்படியில்லை. தீப்பிடிக்கும் மருந்து கோதின், அதாவது ரவையின் பித்தளை ஓட்டின், அடி விளிம்புக்குள் வளையமாகப் பூசப்பட்டிருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். பிரான்சில் ஃப்ளோபெர்ட் 1845 வாக்கில் தொடங்கி வைத்த யோசனை இது, அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெசன் 1857ல் .22 ஷோர்ட் ரவையோடு ஒரு கைத்துப்பாக்கியை விற்றார்கள், நாம் இன்று சுடும் .22 லோங் ரைபிள் 1887ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அளவில் மாற்றமே இல்லை. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஒரே அளவு ரவை, அதனால்தான் தாத்தா காலத்து ரைபிளும் போன வருடம் செய்த ரைபிளும் ஒரே பெட்டி ரவையைச் சுடுகின்றன. தோளில் உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சத்தமும் குறைவு, அதற்காகக் காதை மூடாமல் சுடலாம் என்று அர்த்தமில்லை.

சரி, பிர்னோ. அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டைக் கையால் திருப்பி இழுத்துச் சுடுவது, கீழே ரவைகளை அடுக்கி வைக்கும் சின்ன ரவைக்கூடு. துவக்கின் மரப் பாகம் வால்நட், எங்களிடம் இருப்பதில் கன்னம் படும் இடம் எத்தனையோ பேருடைய வியர்வையில் கறுத்துப்போய் வழுவழுவென்று இருக்கிறது. எடை மூன்று கிலோவுக்குள். பின் குறி ஒரு சின்னத் தகட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து உயரத்தை மாற்றும், துவக்கின் மேல் மாட்டும் தொலைநோக்கி ஒன்றும் எங்களுடையதில் இல்லை, எனக்கு வேண்டியதும் இல்லை. போல்டை மூடும்போது வரும் அந்த இறுக்கமும், பூட்டியதும் எதுவுமே ஆடாமல் நிற்பதும் இப்போது வரும் பல மலிவான ரைபிள்களில் கிடைப்பதில்லை. இரும்பை இரும்பாகவே கடைந்து செய்த காலத்துப் பொருள். நான் ரவைக்கூட்டைப் பயன்படுத்துவதே இல்லை என்று சொல்லலாம், ஒவ்வொரு ரவையாகக் கையால்தான் போடுவேன். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, விளிம்பை ஒரு தடவை பார்த்து, குழலுக்குள் வைத்து, மூடி, மூச்சை விட்டு, குறி பார்த்து, சுட்டு, எங்கே போனது என்று பக்கத்தில் தனியாக வைத்திருக்கும் தொலைநோக்கியில் பார்க்காமலே மனதில் முதலில் சொல்லிக்கொண்டு, பிறகுதான் பார்ப்பேன். மனதில் சொன்ன இடத்திலேயே ஓட்டை இருந்தால் அது ஏழு புள்ளியாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அந்த ஏழு எப்படி வந்தது என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ட்ரிகர் கனம், நல்ல அழுத்தம் வேண்டும், அது எப்போது விடும் என்று பழகவே நாள் எடுக்கும். அடுத்து, தவறிச் சுடாமல் பூட்டி வைக்கும் அந்தச் சேஃப்டி. மற்ற ரைபிள்களில் முன்னால் தள்ளினால் சுடும், பிர்னோவிலும் அதன் வாரிசான சீஸெட் (CZ) 452லும் முன்னால் தள்ளினால் பூட்டு, பின்னால் இழுத்தால்தான் சுடும். வேறு ரைபிளிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு இதை வாயால் சொன்னால் போதாது, வெறும் துவக்கில் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். எங்கள் கோச் மாத்தயா, பழைய இராணுவக்காரர், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் செய்வது இதைத்தான்.

ட்ரிகரைப் பற்றி அவர் என்னிடம் தமிழில் சொன்னது, "மிஸ், மூச்சு முதல், விரல் பிறகு." நான் அதை வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டேன். அம்மா கொழுந்து கிள்ளும்போது பார்த்திருக்கிறேன், விரல் நுனி மட்டும்தான் வேலை செய்யும், மணிக்கட்டு அசையாது, பக்கத்துக் கிளைகூட ஆடாது. ட்ரிகரில் வேண்டியதும் அதுதான். விரல் தனி, கை தனி. விரலோடு சேர்ந்து உள்ளங்கையும் இறுகினால் ரவை கீழே போகும், அதை எந்த விலை உயர்ந்த ரைபிளும் மன்னிக்காது.

ஆன்ஷூட்ஸ் 1907க்கு வருகிறேன். ஜெர்மனியின் உல்ம் நகரக் கம்பெனி, 1856ல் தொடங்கியது, முதலில் இருந்த ஊர் செல்லா-மேலிஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உல்முக்கு மாறியவர்கள். ஒலிம்பிக் 50 மீட்டர்ப் போட்டிகளில் பல பத்து வருடங்களாக அதிகம் பார்க்கக் கிடைக்கும் பெயர் இவர்களுடையது. எங்கள் கிளப்பில் இருக்கும் ஒன்றுக்காக ஞாயிறு காலையில் வரிசை நிற்கும். ரவைக்கூடு கிடையாது, ஒன்று போட்டால் ஒன்றுதான். கன்னக் கட்டை, பின் தட்டு எல்லாம் உங்கள் உடம்புக்கு ஏற்ப நகர்த்தலாம். முன் குறி ஒரு வளையம், பின் குறி ஒரு துளை, நடுவில் கறுப்பு வட்டம், மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று வந்து உட்காரும்போது கண்ணுக்கே ஒரு நிம்மதி. ட்ரிகர் இரண்டு கட்டம். முதல் கட்டம் சும்மா இழுபடும், ஒரு இடத்தில் நிற்கும், அங்கிருந்து நினைத்தாலே போதும் என்ற அளவுக்கு லேசு. பிர்னோவில் பழகிய விரலுக்கு முதலில் பயமாகவே இருக்கும். எடை ஐந்து கிலோவுக்குக் கிட்ட, படுத்துக்கொண்டு வாரைக் கையில் மாட்டி இறுக்கினால் அந்தக் கனம்தான் உதவி, நின்று சுடும்போது தோள் கேள்வி கேட்கும். 50 மீட்டர் குறித் தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ரவையின் விட்டம் 5.6. இந்த ரைபிள் அந்த வளையத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கும், தவறினால் அது உங்கள் தவறு என்று உங்களுக்கும் ரைபிளுக்கும் தெரியும். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதில்தான் பழக வேண்டும், வேறு பேச்சே இல்லை. விலை அதிகம், உதிரிப் பாகம் வரவழைப்பது தலைவேதனை. தனியாள் ஆசைப்படுவதைவிட கிளப் ஒன்றை வைத்துப் பராமரிப்பதுதான் நடக்கிற காரியம்.

பிஎஸ்ஏ மார்டினி ஒன்று மூலையில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் செய்தது. கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் உள்ளே ஒரு கட்டை இறங்கி வழிவிடும், ரவையைப் போட்டு நெம்பை மூட வேண்டும். இடதுகைக்காரர்கள் இதை விடமாட்டார்கள், போல்ட் என்று வலது பக்கத்தில் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. நல்ல துவக்கு, எனக்குத்தான் ஒட்டவில்லை.

நம்பர் 8 ரைபிளைப் பற்றிக் கேட்டால் மலைநாட்டில் நடுவயதுக்காரர் சிலருக்கு முகம் மலரும். பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் போல்டை வைத்து .22க்கென்றே செய்த பயிற்சி ரைபிள், ஒரு ரவை போட்டு ஒரு ரவை சுடுவது, பிரிட்டனில் கடேட் பிள்ளைகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் இதில்தான் பழகினார்கள். நம் பக்கம் பள்ளிக்கூடக் கடேட் என்றால் ரந்தம்பே பயிற்சி முகாமும் கடேட் படைகள் போட்டியிடும் ஹெர்மன் லூஸ் கிண்ணமும் நினைவுக்கு வரும். நானும் கடேட்டில்தான் முதன்முதலாக ரைபிளைத் தொட்டேன். இன்று என் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளின் விஷயம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது 1994. கனடாவின் விக்டோரியாவில் நடந்த கொமன்வெல்த் விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்ரமசிங்கவும் பெண்கள் காற்றுத் துவக்கு ஜோடிப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் வாங்கினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துவக்குக்கு இலங்கையிலிருந்து போனதும் ஒரு பெண்தான், தெஹானி எகொடவெல. உடல் பலத்தைவிட அசையாமல் இருக்கத் தெரிவது முக்கியமான விளையாட்டு இது.

ரூகர் 10/22 பற்றிச் சொல்லாமல் விட்டால் கேள்வி வரும். 1964லிருந்து வருகிறது, அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இல்லை, மில்லியன் கணக்கில் விற்றது, பத்து ரவை பிடிக்கும் சுழல் ரவைக்கூடு அதன் அடையாளம். ஒவ்வொரு தடவை ட்ரிகரை இழுத்ததும் அடுத்த ரவை தானாக ஏறிவிடும். மாமாவின் மகன் ஒன்டாரியோவில் இருக்கிறார், போயிருந்தபோது அவருடைய கிளப்பில் அவர் பக்கத்தில் நின்று சுடவைத்தார். தகர டப்பாவை விரட்டி விரட்டிச் சுட இதைவிடச் சந்தோஷமான துவக்கு கிடையாது, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். ஆனால் பெட்டி எப்படிக் காலியானது என்றே தெரியவில்லை, எந்த ரவை எங்கே போனது என்று ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே இரண்டு ரவைக்கு நடுவில் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் வீடு, பள்ளிக்கூடம், திருத்த வேண்டிய கொப்பிகள் ஒன்றும் தலைக்குள் வராது. ரூகர் அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது.

ரவை விஷயத்தில் நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. வேகமான ரவை நேராகப் போகும், காற்று குறைவாகத் தள்ளும் என்று நினைக்கிறார்கள். .22ல் இது தலைகீழ். சாதாரண வேகப் போட்டி ரவை வினாடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்பும், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே இருந்து கீழேயே முடியும். அதிவேகப் பெட்டியில் இருப்பது 380 மீட்டர் போலக் கிளம்பி, வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்கும், அந்த இடத்தில் காற்றின் தடை அதிகம், பக்கக் காற்றிலும் கூடுதலாக விலகும். நுவரெலியாவில் விடியற்காலை பத்து டிகிரியில் ஒலியின் வேகம் 337 மீட்டர் போல இருக்கும், கொழும்பு வெயிலில் 349. குளிரில்கூடப் போட்டி ரவை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது, அதனால் மலையில் சுடுகிறவர்கள் தைரியமாக மெதுவான ரவையையே வாங்கலாம். எலி (Eley), எஸ்கே, லப்புவா என்ற மூன்று கம்பெனிகளின் ரவையும் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன, இதில் எது நல்லது என்று கேட்டால் ரைபிளைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ரவை பிடிக்கும், அதே பெயரில் வேறு தொகுதியில் வந்த பெட்டி பிடிக்காமலும் போகும். எங்கள் பிர்னோ எஸ்கேயில் ஓட்டைகளை ஒன்றோடு ஒன்று நெருக்கமாகப் போடுகிறது. ஆன்ஷூட்ஸ் எலி கம்பெனியின் டெனெக்ஸ் ரவையைக் கேட்கிறது, அந்த விலைக்குப் போட்டி நாளில் மட்டும்தான் கொடுப்போம்.

ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கொழுந்துக்கு மணம் கொடுத்து ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் அதே வறண்ட காற்றுதான் எங்கள் தாளைக் கெடுப்பது. மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் பக்கக் காற்றில் 50 மீட்டருக்குள் ரவை இரண்டரைச் சென்டிமீட்டர் போல விலகும். பத்துக்கு நேராகப் பிடித்தது ஏழுக்குப் போய்விடும். நாங்கள் பாதி வழியில் ஒரு குச்சியில் பட்டுத்துணி நாடா கட்டி வைத்திருக்கிறோம். அது ஒரே பக்கம் ஒரே அளவு ஆடும் நேரமாகப் பார்த்துக் காத்திருந்து சுடுவதுதான் வழி. மலை மடிப்புகளில் காற்று ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வரும், சுடுபவர் தலைக்கு மேல் ஒரு காற்று, தாளுக்குப் பக்கத்தில் வேறு காற்று. இதைப் படித்துக்கொள்ள வருடங்கள் எடுக்கும், படிக்கப் படிக்க இன்பம்.

ஹட்டன் பக்கத்து நண்பர்களுக்கு அந்த மாதங்களில் வேறு பிரச்சினை, மழையும் பனிமூட்டமும். மூட்டம் வந்தால் கறுப்பு வட்டம் சாம்பல் ஆகும், வளையக் குறிக்குள் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எங்கள் ரேஞ்சில் ஒரே சட்டம், மண் சுவர் முழுதாகத் தெரியாவிட்டால் போல்டைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் எழும்ப வேண்டும். யார் போட்டியில் எவ்வளவு முன்னால் இருந்தாலும் சரி. இந்த ஈரம் துவக்குக்கும் ஆகாது. .22 குழலை அடிக்கடி உரசித் துப்புரவு செய்யத் தேவையில்லை, ரவையில் இருக்கும் மெழுகே உள்ளே ஒரு படலமாக நிற்கும், ஆனால் வெளி இரும்பில் கைரேகை பட்ட இடத்தில் அடுத்த வாரம் செம்பழுப்புப் புள்ளி நிற்கும். சுட்டு முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். துணி உறைக்குள் போட்டு மூடி வைக்கவே கூடாது, உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் வாரில் பூஞ்சணம் பிடிப்பதால் இப்போது நாங்கள் எல்லாரும் நைலோன் வாருக்கு மாறிவிட்டோம்.

ஒரு தடவை கிடைத்த மலிவான ரவைப் பெட்டி ஒன்றில் வெடிக்காத ரவை நிறைய வந்தது. விளிம்புக்குள் மருந்து ஒரே சீராகப் பரவவில்லை என்றால் ஊசி குத்திய இடத்தில் மருந்தே இருக்காது. அப்படி ஆனால் அவசரப்பட்டு போல்டைத் திறக்கக் கூடாது. குழல் மண் சுவரைப் பார்த்தபடியே அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கவும் கூடும். அந்தப் பெட்டியின் பெயரை எழுதவில்லை. விலை குறைவு என்பதற்காக ரவை வாங்காதீர்கள் என்பது மட்டும் போதும். இந்தக் கோதுகளைத் திரும்ப நிரப்பவும் முடியாது, பொறுக்கிச் சாக்கில் போட்டுப் பித்தளையாக நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இதற்கு உடனே சம்மதம் கிடைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். துவக்கு என்றால் எங்கள் பெரியவர்களுக்கு நினைவு வருவது சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, எண்பத்து மூன்று இனக்கலவரம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் நினைவு வரும், பன்றிக்கு வைத்ததில் மனிதர் கால் போன கதை பல தோட்டங்களில் உண்டு. அம்மாவை ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன். யாரும் யாரையும் பார்த்துத் துவக்கைத் திருப்பாததையும், ஒருவர் சத்தமாக நிறுத்தச் சொன்னதும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விலகியதையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு அடக்கமா இருக்குமா" என்றார். அதற்குப் பிறகு தடை சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மலைகளில் ரைபிள் பழகியது 1900ல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை, ஐரோப்பியத் துரைமார் மட்டும் சேரக்கூடியது, 1949ல் கலைத்தார்கள். கொழுந்து எடுத்தவரின் மகள் இன்று அதே மலையில் படுத்துக் குறி பார்ப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

சேர நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். சட்டம் 1916ம் வருடத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம், சொந்தத் துவக்கு என்றால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய அனுமதிப்பத்திரம், அந்த அலைச்சலுக்கு முன்னால் கிளப் துவக்கில் பழகிப் பாருங்கள். ரவை எங்களுக்கு அளந்துதான் கிடைக்கிறது, அது ஒரு வகையில் நல்லது, ஒவ்வொன்றையும் யோசித்துச் சுடப் பழகுவீர்கள். காது மூடி, கண்ணாடி இரண்டும் கட்டாயம். ரவை ஈயம், அதனால் சுட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடையும் தேத்தண்ணியும்.

அடுத்ததாகக் கிளப் ஒரு ரைபிள் வாங்கும்போது சீஸெட் 457 வாங்கச் சொல்லி நாங்கள் சிலர் கேட்டிருக்கிறோம். பிர்னோவின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம், போல்டை 60 டிகிரி திருப்பினால் போதும், ட்ரிகரைத் திருத்திக்கொள்ளலாம், சேஃப்டியையும் மற்ற ரைபிள்கள் மாதிரி முன்னால் தள்ளிச் சுடும்படி மாற்றிவிட்டார்கள். அதில் ஸ்கவுட் என்ற வகைக்குப் பிள்ளைகளின் கை நீளத்துக்கு ஏற்ற குட்டையான மரப் பாகம், ரவைக்கூட்டுக்குப் பதிலாக ஒரே ரவை போட்டுச் சுட ஒரு துண்டும் கூடவே வருகிறது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரிய ரைபிளைத் தூக்க முடியாமல் பின்னால் சாய்ந்துகொண்டு சுடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, அவர்களுக்கு இது முதலில் வர வேண்டும்.